காப்பி இடைவேளையில் பதினைந்து நிமிடம்

மெம்ஃபிஸ்
4 மார்ச் 2019

மதிப்புக்குரிய வெண்டல் பிரயர் அவர்களுக்கு,

புத்தகத்தில் உங்கள் புகைப்படம் நன்றாக வந்திருக்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு சன்னலுக்கு வெளியே தொலைநோக்குப் பார்வை பார்க்கிறீர்கள். அந்தச் சன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அந்த மில்வாக்கி இன்சூரன்ஸ் கம்பெனியில், அதே மாடியில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள் நான்.

நேற்று ஆராதனை முடிந்ததும் நாடு முழுக்கக் கிளை உள்ள கறுப்பின அலுவலர் சங்கத்தார் எங்கள் சர்ச் வாசலில் மேஜை போட்டு ஒரு புத்தகம் விற்றார்கள். ‘மேலே வந்தவர்கள் சொல்கிறார்கள்.’ நம்மவர்களில் பெரிய பதவிக்குப் போன முப்பது பேர் ஆளுக்கொரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பாதிரியாரின் மனைவி ஒரு பிரதியை என் கையில் திணித்தாள். “உங்க பழைய கம்பெனிக்காரர் எழுதினதப் படிங்க மார்வா, கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு” என்றாள். எனக்கும் வந்தது. அவளுக்கு வந்த காரணத்தால் அல்ல.

உங்கள் மூன்றாவது அறிவுரை: ‘அறைக்குள் உங்கள் நண்பரை எதிர்த்துப் பேசுங்கள்.’ வெள்ளைக்காரர்கள் நிறைந்த அலுவலகத்தில் நம்மவர் இருவர் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே இருந்தால் கூட்டுச் சதி என்பார்கள். அதனால் முதலில் நண்பரைப் பற்றி எல்லார் முன்னும் சின்னக் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும், பிறகு பெரிய விஷயத்தில் ஆதரிக்க வேண்டும், அப்போதுதான் ஆதரவுக்கு எடை இருக்கும். ‘இது நானே கண்டுபிடித்த வழி’ என்று எழுதியிருக்கிறாய்.

மரியாதை இத்தோடு போதும். நீ கண்டுபிடித்தாயா?

1996இல் நாம் இருவரும் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். நம் வெள்ளைக்கார மேலதிகாரி ஹால்வர்சன் தட்டோடு வந்து நின்று, “என்ன, ரெண்டு பேரும் மாநாடு போடுறீங்களா?” என்று சிரித்தான். அன்றிலிருந்து நாம் ஒரே மேஜையில் உட்கார்ந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை சர்ச் அடித்தளத்தில் மீன் வறுவல் விருந்தில், எண்ணெய் ஊறிய காகிதத் துண்டில் நான் எழுதிக் கொடுத்தேன்: ‘முதல் பாதி, சின்னக் குறை. இரண்டாம் பாதி, பெரிய ஆதரவு. இரண்டாம் பாதியை ஒருநாளும் மறக்காதே.’ அதைப் படித்துவிட்டு நீ சொன்னது இது: “தாயே, நீ ஒருநாள் இந்தக் கம்பெனிக்கே தலைவியாவ. நான் உனக்குக் கார் ஓட்டுறேன்.”

2008 அக்டோபரில் இழப்பீட்டுப் பிரிவுத் துணைத்தலைவர் பதவிக்கு என் பெயர் மட்டும்தான் பட்டியலில் இருந்தது. பிரிவுத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். நீயும் பேசினாய். மறுநாள் எனக்கு ஒரு தாளைக் காட்டினார்கள். ‘வேகம் அதிகம். மற்றவர்கள் தயாராகும் முன்பே போய்விடுகிறார். வெ. பிரயர்.’ இரண்டாம் பாதி அந்தத் தாளில் இல்லை. பட்டியலிலேயே இல்லாத உன் பெயர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இப்போது எழுதுகிறாய்: ‘அந்தத் தோழி பின்னர் குடும்பத்தோடு இருக்க விரும்பித் தெற்கே போய்விட்டார்.’ என்ன குடும்பம்? உன்னோடு ஒரே லிஃப்டில் ஏற முடியாமல் போனவள் நான்.

அடுத்த பதிப்பில் அந்த அறிவுரையை எடுத்துவிடு. எடுக்க மனமில்லையென்றால் அதன் முடிவையும் சேர்த்து எழுது. உன் எண்ணை என் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். நம் விஷயத்தைக் கம்பெனிக் கணினியில் எழுதுவதில்லை என்பது பழைய ஏற்பாடு. அதனால்தான் தாளில்.

மார்வா டில்மன்


மில்வாக்கி
15 மார்ச் 2019

அன்புள்ள மார்வா,

பத்தரை வருடம் கழித்து வந்த முதல் கடிதத்தில் ‘எப்படி இருக்கிறாய்’ என்று ஒரு வரி இல்லை. பரவாயில்லை, நான் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? நீ அங்கே ஓர் அடக்கச் செலவு இன்சூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு பேருக்கு மேலாளர் என்று கேள்விப்பட்டேன். நம்மவர்களே நடத்தும் கம்பெனி என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

காகிதத் துண்டில் எழுதியது நீதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது பேர் எழுதும் புத்தகத்தில் யார் எந்த விருந்தில் எதில் எழுதினார்கள் என்றெல்லாம் சொல்ல இடமில்லை. ஒரு பக்கத்துக்கு ஓர் அறிவுரை என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

2008ஐப் பற்றி. நம் ஏற்பாட்டின்படிதான் நடந்தேன். முதலில் சின்னக் குறையைச் சொன்னேன். அடுத்த பாதியைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஹால்வர்சன் ஃபைலை மூடிவிட்டார். உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நான் என்ன செய்ய முடியும்? மேஜைமேல் ஏறி நிற்கவா? நீ என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீ இரண்டே வாரத்தில் மேஜையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாய். 2010இல் உன் அம்மாவின் அடக்கத்துக்கு அறுநூறு மைல் காரோட்டி வந்தேன். உன் அண்ணன் என்னைச் சர்ச் வாசலிலேயே நிறுத்தி, கொண்டுவந்த பூவைத் திருப்பிக் கையில் கொடுத்தார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நம் கம்பெனியின் தலைமை அதிகாரி ஓய்வு பெறுகிறார். அந்தப் பதவிக்கு இருவர் பெயர் கடைசிச் சுற்றில் இருக்கிறது. ஒன்று என்னுடையது. நூற்று நாற்பது வருடத்தில் நம் நிறத்தில் ஒருவர் இவ்வளவு தூரம் வந்ததில்லை. இயக்குநர் போர்டுக்காக ஆள் தேடித் தரும் நிறுவனத்தின் திருமதி கீட்டிங் என் பழைய சகாக்கள் நான்கு பேரிடம் பேசுவார். அந்தப் பட்டியலை நான் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்தது. அதில் உன் பெயர் இருக்கிறது.

உன் நியாய உணர்வில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

நல்வாழ்த்துகளுடன்,
வெண்டல் பிரயர்
மூத்த துணைத்தலைவர்


மெம்ஃபிஸ்
22 மார்ச் 2019

வெண்டல்,

கம்பெனி முத்திரை போட்ட தாளில், செயலாளரை வைத்துத் தட்டச்சு செய்து, ‘நல்வாழ்த்துகளுடன்’ என்று அனுப்பியிருக்கிறாய். என்னிடமே பதவிப் பெயரைப் போட்டுக் கையெழுத்தா? ஆமாம், நான் அடக்கச் செலவு இன்சூரன்ஸ் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். என் வாடிக்கையாளர்கள் பெட்டிக்குள் படுத்த பிறகு யாரையும் முதுகில் குத்துவதில்லை.

என் நியாய உணர்வில் உனக்கு நம்பிக்கை வந்தது எப்போது? கீட்டிங் அம்மாளின் பட்டியலைப் பார்த்த அன்றுதானே?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் கட்டுரையை மறுபடி எடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உன் ஏழாவது அறிவுரையை அப்படியே தருகிறேன்: ‘முடிவுகள் கூட்ட அறைக்குள் எடுக்கப்படுவதில்லை. காப்பிப் பாத்திரத்தின் அருகில் எடுக்கப்படுகின்றன. 2008 அக்டோபரில் நான் துணைத்தலைவரானது அப்படித்தான். பதினைந்து நிமிட இடைவேளையில் எங்கள் தலைவர், தான் பக்கத்து ஊரான ரசீனிலிருந்து வாங்கி வந்த கிரிங்கிள் என்ற இனிப்பு ரொட்டியை எனக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். ஏரி மீன்பிடிப்பைப் பற்றிப் பேசினோம். கூட்டம் மறுபடி தொடங்கியபோது பதவி என்னுடையதாகியிருந்தது. இடைவேளையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.’

உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள் என்று எனக்கு எழுதினாய். பதினைந்து நிமிடம் இடைவேளை இருந்தது என்று ஊருக்கு எழுதினாய். எது பொய்?

பதினைந்து நிமிடம், வெண்டல். என் இரண்டாம் பாதியைச் சொல்லப் பதினைந்து விநாடி போதும். ‘குறை இருந்தாலும் இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.’ எண்ணிப் பார்த்தேன், எட்டு வார்த்தை. உன்னைப் பற்றி இதை நான் 2003இல் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? கிரீன்பே கிளைத் திட்டத்தில் உனக்குக் கணக்கு தடுமாறும் என்று முதல் பாதி சொன்னேன். அடுத்த மூச்சில் இரண்டாம் பாதியும் சொன்னேன். கிளை உனக்குக் கிடைத்தது.

கீட்டிங் ஏப்ரல் 11 காலை பத்து மணிக்கு அழைக்கிறாள். அதற்குள் எனக்கு வேண்டியது ஒன்றுதான். மன்னிப்பு வேண்டாம், மலர்க்கொத்து வேண்டாம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று உன் கையால் எழுதி அனுப்பு. மீன் கதை வேண்டாம்.

மார்வா


மில்வாக்கி
29 மார்ச் 2019

மார்வா,

மிரட்டுகிறாய். அதை மிரட்டல் என்றே சொல்வோம்.

என் வக்கீலிடம் கேட்டேன். “ஒரு வரி எழுதாதீங்க, அந்தம்மா அதைப் போர்டுக்கு அனுப்பினா உங்க கதை முடிஞ்சது” என்றார். அதனால் நீ கேட்டதை எழுதப் போவதில்லை. கட்டுரையில் கொஞ்சம் மெருகு ஏற்றினேன். இடைவேளை எப்போது வந்தது, எத்தனை நிமிடம் என்றெல்லாம் பத்து வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

கிரீன்பேயை இழுத்தாயே. நீ சொன்ன ‘கணக்கு தடுமாறும்’ என்ற வார்த்தை இரண்டு வருடம் என் பின்னால் வந்தது. கூட்டத்தில் நான் ஓர் எண்ணைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் கால்குலேட்டரை எடுப்பான். உன் சின்னக் குறைகள் சின்னதாக இருந்ததே இல்லை. கூர்மையாகப் பேசுவதில் உனக்கொரு பெருமை இருந்தது. என் முகம் எப்படிப் போனது என்று நீ ஒருமுறையாவது பார்த்தாயா?

கடைசியாக ஒன்று. கடைசிச் சுற்றில் இருக்கும் இன்னொருவர் யார் தெரியுமா? ஹால்வர்சனின் மருமகன். ஹால்வர்சன்தான் இன்று போர்டின் தலைவர். நீ ஏப்ரல் 11 அன்று என்னைக் கவிழ்த்தால் அந்த நாற்காலியில் அவன் உட்காருவான். நம் பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போது சுவரில் பதினோராவது வெள்ளை முகம் மாட்டியிருக்கும். அதற்காகவா நீயும் நானும் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஆறின சோறு தின்றோம்? இது நம் இருவரைவிடப் பெரிய விஷயம். அதையாவது யோசி.

வெண்டல்


மெம்ஃபிஸ்
3 ஏப்ரல் 2019

வெண்டல்,

யோசித்தேன். 2008இல் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நம் பிள்ளைகள் என்னையும் பார்த்திருப்பார்கள். அப்போது அது நம் இருவரைவிடப் பெரிய விஷயமாக உனக்குத் தோன்றவில்லை. நீ ஏறினால் இனத்தின் வெற்றி, நான் ஏறினால் வெறும் மார்வாவின் வெற்றியா?

உன் முகம் போனதை நான் பார்க்கவில்லை என்பது உண்மை. அதை அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு குறை தேடியிருப்பேன். உன்னிடம் பஞ்சமில்லை.

பதினொன்றாம் தேதி. பத்து மணி.

மார்வா


மில்வாக்கி
6 ஏப்ரல் 2019

மார்வா,

கைப்பட எழுதுகிறேன். பழைய மஞ்சள் தாள். வக்கீலுக்குத் தெரியாது.

நான் முதல் பாதியைச் சொன்னதும் ஹால்வர்சன் அதைக் குறித்துக்கொண்டு, “வாங்க, காப்பி குடிச்சிட்டுப் பேசலாம்” என்று எழுந்தார். அதுவரை எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இரண்டாம் பாதியை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுந்தேன். இதை நீ நம்ப மாட்டாய்.

காப்பிப் பாத்திரத்தின் அருகில் அவர் என் தோளில் கை போட்டார். பதினாறு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ரொட்டியை வெட்டி என் தட்டில் வைத்தார். மீனைப் பற்றிப் பேசினோம். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, தெரிந்தவன்போலப் பேசினேன். பிறகு கேட்டார்: “மார்வாவைப் பத்தி வேற ஏதாவது சொல்லணுமா, வெண்டல்?”

அவராகவே கேட்டார், மார்வா. நான் வாய்ப்புத் தேட வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கினேன். “இல்ல சார், அவ்வளவுதான்” என்றேன்.

“அப்ப அந்த வேலைய நீயே பாக்குறியா?” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பத்தரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொறாமை என்று சொல்வது எளிது. உண்மை அதைவிடக் கேவலம். அந்தக் கை தோளில் இருந்தது. உன் பெயரைச் சொன்னால் எடுத்துவிடுவார் என்று தோன்றியது. அவ்வளவுக்குத்தான் விற்றேன்.

இதை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

வெண்டல்


மெம்ஃபிஸ்
12 ஏப்ரல் 2019

வெண்டல்,

உன் மஞ்சள் தாள் பத்தாம் தேதி வந்தது. மூன்று முறை படித்தேன். மனம் இளகியதா என்று நீ யோசிக்கலாம். இல்லை. ரத்தம் கொதித்தது. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

நேற்றுப் பத்து மணிக்குக் கீட்டிங் அழைத்தாள். பழகினவள்போலப் பேசினாள். உன் நிறைகளைக் கேட்டாள். வேலை தெரிந்தவர் என்று மட்டும் சொன்னேன். “அப்ப குறைன்னு ஏதாவது, மிஸ் டில்மன்?” என்றாள்.

பத்தரை வருடமாக மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியம். ஓர் எழுத்து மாற்றவில்லை. “வேகம் அதிகம். மற்றவர்கள் தயாராகும் முன்பே போய்விடுகிறார்.”

அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “வேற ஏதாவது?” என்றாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், இரண்டாம் பாதி என் நாக்கு நுனிவரை வந்தது. பழக்கதோஷம். அதை விழுங்கினேன். என் வாயில் ரொட்டிகூட இல்லை. “அவ்வளவுதான்” என்றேன்.

பிறகு என்ன சொன்னாள் தெரியுமா?

“ஐயோ, போர்டு இதைத்தானே தேடிக்கிட்டு இருக்காங்க. யாருக்காகவும் காத்து நிக்காத ஆளு வேணும், துணிஞ்சு முன்னாடி போற ஆளு வேணும்னு மூணு மாசமா சொல்றாங்க. நாலு பேர்ல நீங்கதான் மிஸ் டில்மன் அவர இவ்வளவு சரியா சொன்னீங்க. ரொம்ப நன்றி.”

கல் என்று நினைத்துத்தான் எறிந்தேன், வெண்டல். உன் கழுத்தில் பதக்கமாகப் போய் விழுந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் பிரிவுப் பெண் வந்து “மேடம், சிரிக்கிறீங்களா அழறீங்களா?” என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. அதே வார்த்தைகள். ஒரு பெண்ணின் ஃபைலில் எழுதியபோது, ‘இவள் இன்னும் தயாராகவில்லை.’ ஓர் ஆணின் ஃபைலில் எழுதியபோது, ‘இவன் தலைவன்.’ பத்தரை வருடம் உன் வாயைச் சபித்தேன். கெட்டுப்போனது அவர்கள் காது. உன் முதல் பாதியால் நான் விழவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பேன்.

சந்தோஷப்படாதே. உன் ‘அவ்வளவுதான்’ உன்னுடையதுதான். அதற்கு எந்தக் காதும் பொறுப்பில்லை.

உனக்கு அந்தப் பதவி கிடைக்கும். கிடைத்ததும் சங்கத்தார் அங்கே விருந்து வைத்து உன்னை மேடையேற்றுவார்கள், நீ பத்து அறிவுரையும் சொல்வாய். கம்பெனி வழக்கம்போல முன்வரிசை மேஜையை விலைக்கு வாங்கி ஹால்வர்சனை உட்கார வைக்கும். அந்த மேடையில் பதினோராவதாக இதைச் சொல். என் பெயரோடு, அந்த வாக்கியத்தோடு, அந்தப் பதினைந்து நிமிடத்தோடு. முடியாதென்றால் இனி ஒரு தாள்கூட எனக்கு அனுப்பாதே.

மார்வா


மில்வாக்கி
21 மே 2019

மார்வா,

நேற்று அறிவித்துவிட்டார்கள். ஜூலை ஒன்றாம் தேதி பொறுப்பேற்க வேண்டும். பத்திரிகைக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி: ‘யாருக்காகவும் காத்து நிற்காத வேகம் கொண்டவர் என்று அவருடன் பணியாற்றியவர்களே பாராட்டுகிறார்கள்.’ என் மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

விருந்து ஜூன் 8. முன்வரிசை மேஜையில் ஹால்வர்சன் உண்டு.

சொல்கிறேன்.

வெண்டல்


மெம்ஃபிஸ்
9 ஜூன் 2019

வெண்டல்,

சங்கத்தின் இணையதளத்தில் உன் பேச்சைப் போட்டிருக்கிறார்கள். இன்று மதியம் சர்ச்சிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

நாற்பது நிமிடம். கோட்டு பிரமாதம். மூன்றாவது அறிவுரையைச் சொன்னாய், ‘நான் கண்டுபிடித்த’ என்பதை விட்டுவிட்டாய். கவனித்தேன். ஏழாவதைச் சொன்னபோது ஹால்வர்சன் தலையாட்டிச் சிரித்தான். நீயும் சிரித்தாய். பத்தாவது முடிந்தது. தண்ணீர் குடித்தாய். மேடையில் இருந்த தொகுப்பாளர் கேட்டார்: “வேற ஏதாவது இருக்கா, பிரதர் பிரயர்?”

நீ ஹால்வர்சனைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய்.

அந்த வார்த்தையை இன்னொரு முறை கேட்கும் தெம்பு எனக்கில்லை. கணினியை மூடிவிட்டேன்.

உன் மஞ்சள் தாளை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். பயப்படாமல் நாற்காலியில் உட்கார். இதுதான் என் கடைசிக் கடிதம்.

மார்வா


மில்வாக்கி
11 ஜூன் 2019

மார்வா,

கோபப்படாமல் படி. கோபப்பட்டாலும் கடைசிவரை படி.

நான் வாயைத் திறந்தது “இன்னும் ஒண்ணு இருக்கு” என்று சொல்ல.

பேச்சு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். “2008 அக்டோபர்ல ஒரு புதன்கிழமை” என்று தொடங்கினேன். “இப்ப மூணாவதா சொன்னேனே, அந்த வழி என்னுது இல்ல. மார்வா டில்மன்னு ஒரு பொம்பள கண்டுபிடிச்சது. அதுல பாதிய மட்டும் சொல்லி அவ நாற்காலிய நான் எடுத்துக்கிட்டேன். இந்த ரூம்ல இருக்குற ஒருத்தர் என்கிட்ட ‘வேற ஏதாவது இருக்கா’ன்னு கேட்டாரு. ‘அவ்வளவுதான்’னு சொன்னேன். எந்த வார்த்தைய சொல்லி அவள தள்ளுனாங்களோ அதே வார்த்தைய சொல்லி போன மாசம் எனக்குப் பதவி குடுத்திருக்காங்க. இத அறிவுரைன்னு எடுத்துக்காதீங்க. எச்சரிக்கைன்னு எடுத்துக்குங்க.”

அறுநூறு பேர். கோழிக்கறியை மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசி மேஜையில் ஒரு பெண் எழுந்து, சர்ச்சில் பாதிரியாருக்குக் குரல் கொடுப்பதுபோல, “சொல்லுங்க, சொல்லுங்க” என்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு அந்த மூலை முழுக்க. எல்லாரும் பெண்கள். ஆண்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹால்வர்சன் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மெதுவாக வெளியே போனார். அவர் மருமகனும் பின்னாலேயே போனான்.

திங்கட்கிழமை, பதினேழாம் தேதி, போர்டு அவசரக் கூட்டம் போட்டிருக்கிறது. பொறுப்பேற்கும் முன்பே என்னை எடுத்துவிட அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறார் வக்கீல். அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் மனைவியும்தான்.

நான் 2008இல் செய்தது துரோகம். ஆனால் அன்று சொன்னது பொய்யில்லை, தாயே. உனக்கு வேகம் அதிகம். மற்றவர்கள் தயாராகும் முன்பே போய்விடுகிறாய். ஐந்து விநாடி பொறுத்திருந்தால் கேட்டிருப்பாய்.

வெண்டல்


மெம்ஃபிஸ்
15 ஜூன் 2019

வெண்டல்,

மீதியைப் பார்த்தேன். இரண்டு முறை.

முதல் பாதி. அது புதன்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. அக்டோபர் 14. ஒரு பெண்ணின் பதினாறு வருட உழைப்பைத் தின்றுவிட்டு, தின்ற நாளைக்கூட ஒழுங்காக நினைவு வைக்காத ஆள் நீ. உனக்குக் கணக்கு மட்டுமல்ல, கிழமையும் தடுமாறுகிறது.

இரண்டாம் பாதி. நேற்றுக் காலை நானே கீட்டிங்கை அழைத்தேன். போர்டு கூடுவதற்கு முன்னால் என் வார்த்தையை அவர்கள் ஃபைலில் சேர்க்கச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள், நான் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அது இதுதான்:

“அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன். மீதிய இப்ப சொல்றேன். அந்த நாற்காலிக்கு அவனவிட பொருத்தமான ஆள் ஒருத்திதான் உண்டு. அவள நீங்களே 2008ல வெளியே அனுப்பிட்டீங்க. அவ இல்லாத இடத்துல, அவன்தான்.”

“வேற ஏதாவது, மிஸ் டில்மன்?” என்று கேட்டாள். ஐந்து விநாடி பொறுத்து, யோசித்துவிட்டுத்தான் சொன்னேன், அவ்வளவுதான் என்று.

உன் எண் இன்னும் தடுப்பில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை என்ன ஆனதென்று தாளில் எழுது.

மார்வா